நெய்ச்சோறு போட்டு நிறுத்திய மாத்திரை

போன வாரம் என் கணவரின் கடைசி நாட்களை எழுதியிருந்தேன். படித்துவிட்டு அழுததாகப் பலர் சொன்னீர்கள். போதும், எல்லோரும் முகத்தைக் கழுவிக்கொண்டு வாருங்கள். இந்த வாரம் யாரும் சாகப் போவதில்லை.

அன்றைக்குத் திருபுவனம் பட்டு ஒன்றுக்கு ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தேன். கத்தரிப்பூ நிறம். அந்த நிறத்துக்குப் பொருந்துகிற நூல் கிடைப்பது குதிரைக் கொம்பு. திருவிடைமருதூர்ப் பக்கம் இருக்கிற எங்கள் சின்ன ஊரில் அப்படிப்பட்ட நூலெல்லாம் சலீம் பாய் கடையில்தான் இருக்கும்.

துணியில் ஒரு துண்டைக் கத்தரித்துக் கையில் எடுத்துக்கொண்டு போனேன். ஷட்டர் இறங்கியிருந்தது. லேஸ் சுருள்களும் பட்டன் அட்டைகளும் தொங்குகிற வாசல் வெறுமையாக இருந்தது. பக்கத்து ஜூஸ் கடைக்காரர் எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டே சொன்னார்: "பாய்க்கு மஞ்சக்காமாலையாம்மா. கீழாநெல்லி அரைச்சுக் குடுக்குறாங்களாம். ஆளே பாதியா இளைச்சுட்டாரு."

அது மஞ்சள் காமாலை இல்லை என்று எனக்குத் தெரியும். அந்தக் கடைத்தெருவில் எனக்கு மட்டும்தான் தெரியும். கத்தரிப்பூத் துணியைக் கசக்கிக்கொண்டு அங்கேயே நின்றேன்.

தூணுக்குப் பின்னால் பாய்

எனக்கு எப்படித் தெரியும் என்று சொல்கிறேன்.

எச்.ஐ.வி. இருக்கிற எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. சொந்த ஊருக்குப் பக்கத்து ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்க மாட்டோம். தெரிந்த முகம் யாராவது பார்த்துவிட்டால்? அதனால் பஸ் ஏறிப் பக்கத்து மாவட்டத்துக்குப் போவோம். அந்த மாவட்டத்துக்காரர்கள் பஸ் ஏறி எங்கள் பக்கம் வருவார்கள். இந்தக் கூத்தில் டிக்கெட் கிழித்த கண்டக்டர்களுக்குக் கை வலித்ததுதான் மிச்சம்.

நானும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தேன். கேட்டவர்களிடம் லைனிங் துணி எடுக்கப் போவதாகச் சொல்வேன். ஒருநாள் அங்கே மாத்திரை வரிசையில் எனக்கு நாலைந்து பேருக்கு முன்னால் ஒருவர் குரங்குக் குல்லா போட்டுக்கொண்டு நின்றார். நல்ல சித்திரை வெயில். ஒளிய நினைக்கிறவர் இப்படியா ஒளிவார் என்று சிரிப்பு வந்தது. திரும்பினார். சலீம் பாய்.

நான் முந்தானையை மூக்கு வரைக்கும் இழுத்தேன். அவர் தூணுக்குப் பின்னால் போனார். தூண் ஒல்லி. பாய் அப்போது நல்ல தாட்டியான ஆள். தூணுக்கு இரண்டு பக்கமும் பாய்தான் தெரிந்தார்.

மறுநாளே அவர் கடைக்குப் போனேன். போகாமல் இருந்தால்தானே சந்தேகம் வரும்?

"என்னம்மா, என்ன கலரு?" என்றார்.

"மெரூன்" என்றேன்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு பல வருடம் ஒரே பஸ்ஸில் போனோம், அவர் பின்பக்கம், நான் முன்பக்கம். ஒரே வரிசையில் நின்று ஒரே மாத்திரையை வாங்கினோம். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் அவர் வந்திருக்கிறாரா என்று என் கண் தேடும். வந்திருந்தால் ஒரு நிம்மதி. என்னைப் பார்த்தால் அவருக்கும் அப்படித்தான் இருந்ததாம். பின்னால் ஒருநாள் சொன்னார்.

பாய் முன்பு சவுதியில் இருந்தவர். அங்கே ஒரு மெடிக்கல் டெஸ்டில் 'அன்ஃபிட்' என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வீட்டில் "நுரையீரல்ல ஏதோ புள்ளியாம்" என்று சொல்லிவிட்டு, கையிலிருந்த பணத்தில் நூல் கடை போட்டார். எங்கள் பக்கத்தில் அன்ஃபிட் ஆகித் திரும்பியவர்கள் நிறையப் பேருக்கு நுரையீரலில் புள்ளிதான்.

சலீம் என்பது அவருடைய உண்மைப் பெயர் இல்லை. எழுதட்டுமா என்று கேட்டபோது, "எழுதும்மா, ஆனா பேரு கொஞ்சம் ஸ்டைலா இருக்கட்டும்" என்றார்.

கொலஸ்ட்ராலுக்கு இரண்டு வடை

ஆரம்பத்தில் கொடுத்த மாத்திரைகளை நினைத்தால் இன்னும் வாய் கசக்கிறது. காலையில் போட வேண்டும், ராத்திரியும் போட வேண்டும். ஒன்று பாதத்தை எரிய வைக்கும். ஒன்று கன்னத்தை ஒட்ட வைக்கும். இன்னொன்று போட்டால் விடிய விடியக் கனவு. என் தையல் மிஷின் தானாகவே தெருவில் இறங்கி ஓடி, வீரசோழன் ஆற்றில் விழுந்து நீந்திப் போகும். நான் கரையில் நின்று கத்துவேன்.

அப்போது அந்த வரிசையில் நிற்கவே பயமாக இருக்கும். எலும்பும் தோலுமாகத் தூக்கிக்கொண்டு வருவார்கள். இந்த மாதம் பார்த்த முகம் அடுத்த மாதம் இருக்காது. யாரும் யாரையும் விசாரிக்க மாட்டோம்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எல்லாம் மாறியது. பிடி பிடியாகப் போட்டது ஒரே மாத்திரை ஆனது. மாதா மாதம் போனது மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஆனது. கர்ப்பிணிக்கு இருந்தாலும் பிள்ளைக்கு வராமல் தடுக்கிறார்கள். இன்னும் நோய் வராதவர்களுக்கு, வராமலே தடுக்க ஆறு மாதத்துக்கு ஒரு ஊசியாம், வெளிநாடுகளில் போட ஆரம்பித்துவிட்டார்களாம்.

இப்போது அந்த வரிசையில் நின்று கேட்டுப் பாருங்கள். மூட்டு வலி, சுகர், மருமகள் சரியில்லை. வேறு பேச்சே கிடையாது. ஒரு தடவை டாக்டர் என்னிடம், "எச்.ஐ.வி.யப் பத்திக் கவலையே இல்லம்மா, உங்க கொலஸ்ட்ரால்தான் கவலையா இருக்கு" என்றார். எல்லோரையும் போல எனக்கும் ஒரு சாதாரண வியாதி! அந்தச் சந்தோஷத்தில் பஸ் ஸ்டாண்டில் இரண்டு மெதுவடை வாங்கிச் சாப்பிட்டேன்.

இன்னொன்றும் சொன்னார்கள். மாத்திரையை விடாமல் போட்டு, ரத்தப் பரிசோதனையில் தென்படாத அளவுக்குக் கிருமி அடங்கியே இருந்தால், கணவன் மனைவி உறவில்கூட அடுத்தவருக்குப் பரவாது. இதைச் சொன்ன ஆலோசகர் பெண்ணை இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். அவள் சொல்லச் சொல்ல எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தனை வருடமாக என்னை நானே ஒரு விஷப் பாத்திரம் மாதிரி ஒதுக்கி வைத்திருந்தேன்.

கண் தேடியது, ஆள் இல்லை

இப்படி எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் பாயைக் காணவில்லை. அவருக்கும் எனக்கும் மாத்திரை வாங்குவது ஒரே தேதி. ஒரு தடவை வரவில்லை. முன்பே வந்து வாங்கியிருப்பார் என்று நினைத்தேன். அடுத்த தடவையும் வரவில்லை. கடையில் பார்த்தபோது சட்டை தொளதொளவென்று தொங்கியது. "நோன்பு வச்சேம்மா, அதான்" என்றார். நோன்புப் பெருநாள் முடிந்து எத்தனையோ நாள் ஆகியிருந்தது.

இப்போது ஷட்டரும் இறங்கிவிட்டது.

என்ன செய்வது? என் மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த சமயம் அது. இன்றைக்கு என் விஷயம் ஊருக்கே தெரியும். மாப்பிள்ளையிடம் மகளே சொல்லி, அவரும் "அத்தைக்குச் சாப்பாட்டுல பத்தியம் ஏதாவது உண்டா?" என்று மட்டும் கேட்டு, கல்யாணமும் முடிந்துவிட்டது. ஆனால் அன்றைக்கு மகளைத் தவிர ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது. பாயிடம் பேசப் போனால், எனக்கு எப்படித் தெரியும் என்று அவர் வீட்டில் கேள்வி வரும். தைக்கக் கொடுத்த ஜாக்கெட்டெல்லாம் திரும்பிப் போகும். மகளுக்கு வருகிற வரனும் திரும்பிப் போகும்.

பேசாமல் இருந்தால் பாய் போய்விடுவார்.

பாயின் மனைவி பானுவின் இரண்டு சுடிதார் என்னிடம் தைத்து முடித்துக் கிடந்தன. அவற்றைப் பையில் போட்டுக்கொண்டு சாயங்காலம் அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

டீ வருவதற்குள்

"வாங்கக்கா, நீங்களே கொண்டு வந்துட்டீங்களா?" என்று பானு கதவைத் திறந்தாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. கூடத்தில் கட்டிலில் பாய் படுத்திருந்தார். கீழாநெல்லி அரைத்த வாசனை வீடெங்கும் அடித்தது. பாய்க்கு உதடு வெடித்து, நாக்கில் தயிர் ஆடை மாதிரி வெள்ளை படர்ந்திருந்தது. முன்பு அந்த வரிசையில் பார்த்த முகங்களெல்லாம் ஞாபகம் வந்தன.

பானு டீ போட உள்ளே போனாள். அது கொதிப்பதற்குள் பேசியாக வேண்டும். கட்டில் பக்கத்தில் போய் நின்றேன்.

"பாய், மாத்திரை போடுறீங்களா இல்லையா?"

"எந்த மாத்திரைம்மா?"

"நீங்களும் நானும் வரிசைல நின்னு வாங்குனோமே, அந்த மாத்திரை."

அத்தனை வருடத்தில் இதுதான் முதல் தடவை. அவர் சமையலறைப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அதுதான் போயிடுச்சேம்மா. கடைசியா டெஸ்ட் எடுத்தப்ப ரத்தத்துல கிருமியே தென்படலேன்னு சொன்னாங்க. அப்படி வந்தா நாகூர்ல நெய்ச்சோறு ஆக்கிப் போடுறேன்னு நேர்ந்திருந்தேன். போட்டுட்டேன். அதோட மாத்திரையையும் நிறுத்திட்டேன். நல்லானப்புறமும் மாத்திரை போட்டா ஆண்டவன் குடுத்ததை நம்பாத மாதிரி ஆயிடாதா?"

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

"போகல பாய், அடங்கியிருந்துச்சு. மாத்திரைதான் அடக்கி வச்சிருந்துச்சு. மதகுப் பலகையைத் தூக்கிட்டா தண்ணி வராம நிக்குமா? ஒண்ணும் கெட்டுப் போகல. நாளைக்கே வாங்க, திரும்ப ஆரம்பிச்சுடலாம்."

"பஸ்ல தனியா ஏற முடியாதும்மா. பானு கூட வரணும். வந்தா அவளுக்குத் தெரிஞ்சு போயிடும்."

"பானுவுக்கு டெஸ்ட் எடுத்தீங்களா?"

இல்லை என்று தலையை ஆட்டினார். "அங்கயும் கேட்டுக்கிட்டே இருந்தாங்க. ஏதாவது சொல்லித் தட்டிக் கழிச்சுட்டேன். வேணாம்மா. இப்படியே மரியாதையாப் போயிடறேன்."

அந்த 'மரியாதை' என்ற வார்த்தையில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் கணவரும் இப்படித்தான் யாருக்கும் தெரியாமல், என்னிடமும் சொல்லாமல், மரியாதையாகப் போனார். அவருடைய மரியாதைதான் என் ரத்தத்தில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

திட்ட வாயெடுத்தேன். பானு டீயோடு வந்துவிட்டாள்.

பாயின் ரகசியத்தைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அது எனக்குத் தெரியும். ஆனால் என் ரகசியம் என்னுடையதுதானே? யோசித்துச் செய்தேன் என்று சொன்னால் பொய். டீயைக் கையில் வாங்கினேன், வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"பானு, எனக்கு எச்.ஐ.வி. இருக்கு. ரொம்ப வருஷமா இருக்கு."

அவள் பார்வை முதலில் என் கையிலிருந்த டம்ளருக்குத்தான் போனது. பிறகு நான் கொண்டுவந்த சுடிதாருக்குப் போனது.

"என் துணியெல்லாம் நீங்கதானேக்கா தைக்கிறீங்க?"

"ஆமா. துணியில, ஊசியில எல்லாம் வராது. தையல் பிரிஞ்சா மட்டும்தான் நான் பொறுப்பு."

பானு சிரிக்கவில்லை. ஆனால் எழுந்து போகவும் இல்லை. எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"உங்க வீட்டுக்காரராலயா?"

"ஆமா."

"அதுக்கு மாத்திரை இருக்காமே. போடுறீங்களா?"

"தினமும் போடுறேன்."

"போட்டா நல்லா இருக்கலாமா?"

"என்னையப் பாரு."

மேலிருந்து கீழ் வரைக்கும் பார்த்தாள். "நல்லா குண்டாத்தான் இருக்கீங்க" என்றாள்.

கட்டிலிலிருந்து குரல் வந்தது. "பானு. எனக்கும் அதேதான்."

அழுவாள், கத்துவாள், மயங்கி விழுவாள் என்று என்னென்னவோ நினைத்து நான் டம்ளரைக் கீழே வைத்தேன். அவள் மெல்லத் திரும்பி அவரைப் பார்த்தாள்.

"அப்ப நாகூர்ல போட்ட நெய்ச்சோறு?"

"அதுக்குத்தான்."

"புள்ளை விசாவுக்குன்னு சொன்னீங்களே! அண்டா அண்டாவா ஆக்குனேனே! தால்ச்சா கிண்டிக் கிண்டித் தோள்பட்டை கழண்டு போச்சே! அது எதுக்குன்னுகூட எனக்குத் தெரியாமயா நான் துஆ கேட்டேன்?"

அப்புறம்தான் அழுதாள். அழுகைக்கு நடுவே சட்டென்று நிறுத்தி, அவரை விட்டுவிட்டு என்னைக் கேட்டாள்.

"எனக்கும் இருக்காக்கா?"

"தெரியாது பானு. பார்க்கணும்."

"எப்ப போகணும்?"

"நாளைக்குக் காலையில."

அந்த பெஞ்சு

பஸ்ஸில் பானு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பாய் பின் ஸீட்டில். வழியெல்லாம் சம்பா நடவு முடிந்து வயல் பச்சைப் பசேலென்று இருந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. புருஷனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அவர் இருமினால் தண்ணீர் பாட்டிலை என் கையில் திணிப்பாள். "இதை அவர்ட்ட குடுங்க" என்பாள். நான் பின்னால் நீட்டுவேன். "குடிச்சாரா?" என்பாள். குடித்தார் என்பேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பாயைத் திட்டவில்லை. நாக்கைப் பார்த்தார், சளி எடுக்கச் சொன்னார், ரத்தம் எடுக்கச் சொன்னார். "லேட்டாத்தான் வந்திருக்கீங்க, ஆனா வந்துட்டீங்க. சரி பண்ணிடலாம்" என்றார். பானுவை ஆலோசகர் பெண் தனியாக உள்ளே அழைத்துக்கொண்டு போனாள்.

நானும் பாயும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவர் உதடு அசைந்துகொண்டே இருந்தது. எனக்கும் வேண்டிக்கொள்ள ஆசைதான், ஆனால் மனசு நிலையாக நிற்கவில்லை. அவர் மாத்திரையை ஒழுங்காகப் போட்ட காலமெல்லாம் பயமில்லை. ஆரம்ப காலம்? நிறுத்திய பிறகு? கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதை எழுதுவதற்குக் கொஞ்ச நாள் முன்பு செல்போனில் ஒரு செய்தி பார்த்தேன். வெளிநாட்டு உதவிப் பணம் குறைந்துபோனதால், ஆப்பிரிக்காவில் எங்கோ ஒரு மருந்து மையத்தை மூடிவிட்டார்களாம். பூட்டின கதவுக்கு முன்னால் என் வயதுப் பெண் ஒருத்தி காலி டப்பாவோடு நின்றாள். அவளைப் பார்த்ததும் எனக்குப் பாய் ஞாபகம்தான் வந்தது. நன்றாகிவிட்டது, இனிமேல் எதற்கு என்று உலகமும் நினைக்க ஆரம்பித்துவிட்டதா? பாய் செய்த தப்பையாவது மன்னிக்கலாம். அவர் நூல் விற்கிறவர்.

கதவு திறந்தது. பானு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"இல்லையாம்க்கா" என்றாள்.

பாய் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். நான் பானுவின் கையைப் பிடித்துக்கொண்டு, எல்லோரும் பார்க்க, ஓவென்று அழுதேன். எனக்குக் கிடைக்காத பதில் அவளுக்குக் கிடைத்துவிட்டது. அதில் எனக்குத் துளிகூடப் பொறாமை இல்லை. அவ்வளவு லேசாக நான் என்றைக்குமே அழுததில்லை.

மூன்று மாதம் கழித்து இன்னொரு தடவை பார்த்து உறுதி செய்ய வேண்டும் என்றார்கள். அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், நீங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படிக்க வேண்டாம். அப்போதும் இல்லை. பாய்க்கும் நாக்கு சுத்தமாகி, சட்டை மறுபடி இறுக்கமாகிவிட்டது. கத்தரிப்பூ நூலும் கொடுத்தார்.

ஆனால் அன்றைக்குக் கிளம்புகிற நேரத்தில் ஆலோசகர் பெண் பாயைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க ரெண்டு தடவை வராதப்ப எத்தனை போன் பண்ணோம் தெரியுமா? நீங்க குடுத்த நம்பர்ல யாரோ பரோட்டாக் கடைக்காரர் எடுக்குறாரு. எத்தனை பார்சல் வேணும்ங்கிறாரு."

பாய் தலையைக் குனிந்துகொண்டார். காலையிலிருந்து அவரோடு பேசாத பானு, அவரைத் தாண்டி முன்னால் வந்தாள்.

"அந்த நம்பரை அடிச்சுருங்க. இனிமே இவரு வரலேன்னா எனக்குப் போன் பண்ணுங்க. நான்தான் சம்சாரம்."

சொல்லிவிட்டு, வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி, தன் நம்பரை ஒவ்வொரு எண்ணாகச் சத்தமாகச் சொன்னாள்.